மருந்து பாட்டிலும் பத்திரிகை நேர்மையும்

எழுதிச் சம்பாதிப்பவர்களுக்கு அந்தக் காலத்திலிருந்தே இரண்டு வழிகள்தான். படிப்பவரிடம் காசு வாங்கலாம். இல்லையென்றால், படிப்பவரைத் தேடி அலையும் வியாபாரியிடம் காசு வாங்கலாம். முதல் வழியில் வருமானம் குறைவு. இரண்டாவது வழியில் வருமானம் அதிகம், ஆனால் பணம் கொடுப்பவர் ஒருவர், படிப்பவர் வேறொருவர். எழுதுபவர் யாருக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்ற குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தக் குழப்பம் அமெரிக்காவில் எப்படிப் பெரிதாகி, எப்படி வெடித்தது என்பது சுவாரஸ்யமான கதை.

1833ம் ஆண்டு செப்டம்பர் 3ம் தேதி நியூயார்க் நகரில் பெஞ்சமின் டே என்ற அச்சக உரிமையாளர் 'சன்' என்ற நாளிதழை ஆரம்பித்தார். அப்போது நியூயார்க்கின் மற்ற பேப்பர்கள் 6 சென்ட். 'சன்' வெறும் 1 சென்ட்! பேப்பர், மை, கூலி என்று கணக்குப் போட்டால் விற்பனைக் காசு செலவுக்கே பத்தாது. ஆனால் டே வேறு கணக்குப் போட்டார். விலையைக் குறைத்தால் நிறையப் பேர் வாங்குவார்கள், நிறையப் பேர் வாங்கினால் விளம்பரம் தானாக வரும். தெருவில் பையன்களை விட்டுக் கூவி விற்க வைத்தார். கணக்கு பலித்தது.

இரண்டே வருடத்தில் அந்தக் கணக்கின் மறுபக்கமும் தெரிந்துவிட்டது. 1835 ஆகஸ்ட் 25 முதல் 'சன்' ஆறு பகுதிகளாக ஒரு தொடர் வெளியிட்டது. நன்னம்பிக்கை முனையில் தொலைநோக்கி வைத்து வானத்தை ஆராய்ந்து கொண்டிருந்த புகழ்பெற்ற விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல், நிலவில் உயிர்களைக் கண்டுபிடித்துவிட்டாராம். இரண்டு காலில் நடக்கும் பீவர்கள், வவ்வால் இறக்கை வைத்த மனிதர்கள்! எல்லாமே ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக் என்ற ஆசிரியரின் கற்பனை. ஹெர்ஷலுக்கே இது பிறகுதான் தெரிய வந்தது. ஊரே அந்தப் பேப்பரை வாங்கிப் படித்தது. புளுகு என்று தெரிந்த பிறகாவது விற்பனை சரிந்ததா? இல்லை. தெளிவாக ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை. 'சன்' 1950 வரை வாழ்ந்தது. "பொய் சொன்னால் உடனே அழிந்து போவார்கள்" என்று நினைப்பவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கதையிலும் தண்டனை கிடைத்துவிடுவதில்லை.

நிலவு மனிதன் யாரையும் கொல்லவில்லை. ஆனால் அடுத்து வந்தது அப்படி இல்லை.

19ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பத்திரிகைகளுக்குப் படியளந்தவை 'பேட்டண்ட் மருந்துகள்'. பெயர்தான் பேட்டண்ட். உண்மையில் பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. காப்புரிமை வாங்க வேண்டுமென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டுமே! அதைச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும். பெயரையும் பாட்டில் லேபிளையும் மட்டும் பதிவு செய்துகொண்டு, உள்ளே இருப்பதை ரகசியமாக வைத்திருந்தார்கள்.

அப்படி என்ன ரகசியம்? பெரும்பாலும் சாராயம். ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலிருந்து வந்த 'பெரூனா' என்ற மருந்து சளி முதல் எல்லா வியாதிக்கும் கைகண்ட மருந்தாக விற்கப்பட்டது. அதில் நூற்றுக்கு 28 பங்கு ஆல்கஹால். பெண்களின் உபாதைகளுக்கென்று மசாசூசெட்ஸின் லின் நகரில் தயாரான லிடியா பிங்கம் டானிக்கில் ஏறக்குறைய 20 பங்கு. சாதாரண பீரில் நாலைந்து பங்குதான். மதுவை வீட்டு வாசல்படி ஏற விடாத பக்தியுள்ள குடும்பங்கள் இதை ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்துக் கொண்டிருந்தன! இது கூடப் பரவாயில்லை. பல் முளைக்கும் குழந்தைகளின் அழுகையை நிறுத்த 'மிஸஸ் வின்ஸ்லோ' சிரப் என்று ஒன்று விற்றது. குழந்தை உடனே தூங்கிவிடும். ஏனென்றால் அதில் இருந்தது மார்ஃபின். சில குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை.

இவற்றின் விளம்பரம் இல்லாத பேப்பர் அந்த நாட்டில் அபூர்வம். சிறு ஊர்ப் பத்திரிகை, பெருநகர நாளிதழ் என்ற வித்தியாசம் கிடையாது. மத சம்பந்தமான வாரப் பத்திரிகைகளும்தான். முன் பக்கத்தில் பைபிள் விளக்கம், பின் பக்கத்தில் புற்றுநோயைக் குணப்படுத்தும் எண்ணெய். ஆசிரியர்களைக் கேட்டால் பதில் தயாராக இருந்தது: "நாங்கள் இடத்தை விற்கிறோம், மருந்தை விற்கவில்லை." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மருந்தை ஒரு விவசாயியின் மனைவி ஏன் நம்பினாள்? தினமும் நம்பிப் படிக்கும் பத்திரிகையில் வந்ததால் நம்பினாள். மருந்துக்காரன் காசு கொடுத்து வாங்கியது வெறும் இடத்தை அல்ல, அந்த நம்பிக்கையை. அதைச் சம்பாதித்தது ஆசிரியர், ஆனால் அது அவருக்கு மட்டுமே சொந்தமானதா என்பதுதான் கேள்வி.

இதை முதலில் வெளிப்படையாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் ஃபிலடெல்ஃபியாவின் வில்மர் அட்கின்சன். க்வேக்கர் பிரிவைச் சேர்ந்தவர், 1877ல் 'ஃபார்ம் ஜர்னல்' என்ற விவசாயப் பத்திரிகையை ஆரம்பித்தவர். 1880 அக்டோபர் இதழில் அவர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். இந்தப் பத்திரிகையில் வரும் விளம்பரங்கள் நம்பகமானவர்களுடையவை என்று நாங்கள் நம்புகிறோம், அப்படியும் ஒரு விளம்பரதாரர் சந்தாதாரரை ஏமாற்றினால் அந்த நஷ்டத்தை நாங்கள் ஈடுகட்டுவோம் என்பது அதன் சாரம். அந்தக் காலத்தில் இது பைத்தியக்காரத்தனம். யாரோ செய்யும் மோசடிக்கு இவர் ஏன் கைக்காசைக் கொடுக்க வேண்டும்? ஆனால் அட்கின்சன் முட்டாள் இல்லை. இப்படி ஓர் உத்தரவாதம் கொடுத்துவிட்டால், விளம்பரத்தை ஏற்கும் முன்பே தீர விசாரித்தாக வேண்டும். தன் பையிலிருந்து காசு போகும் என்றால் கண் தானாகத் திறக்கும் அல்லவா? நல்ல வியாபாரிகளுக்கும் இது பிடித்தது. மோசடிக்காரனுக்குப் பக்கத்தில் தன் பெயர் வருவதை எந்த நேர்மையான விதை வியாபாரி விரும்புவான்? அந்தப் பத்திரிகை நூறு ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தது.

அதே ஊரில்தான் சைரஸ் கர்டிஸின் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' 1883ல் பிறந்தது. முதல் ஆசிரியர் அவர் மனைவி லூயிசா. 1889ல் நெதர்லாந்தில் பிறந்து சிறு வயதில் குடியேறிய எட்வர்ட் போக் ஆசிரியரானார். 1892ல் இந்தப் பத்திரிகை, இனி பேட்டண்ட் மருந்து விளம்பரம் எதையும் வாங்க மாட்டோம் என்று அறிவித்தது. பெண்கள் பத்திரிகைக்கு மருந்து விளம்பரம் எவ்வளவு பெரிய வருமானம் என்று சொல்லத் தேவையில்லை. கர்டிஸ் அதைக் கைகழுவினார். பத்திரிகை மூழ்கிவிடவில்லை. 1903 வாக்கில் பத்து லட்சம் சந்தாதாரர்களைத் தொட்ட முதல் அமெரிக்கப் பத்திரிகை என்ற பெயரை வாங்கியது.

விளம்பரம் வாங்காமல் சும்மா இருப்பது ஒன்று, எதிர்த்து எழுதுவது வேறொன்று. 1904 மே மாதம் போக் நேரடியாகப் போரில் இறங்கினார். பிரபலமான மருந்துகளின் பெயர்களை வரிசையாகப் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் வெளியிட்டார். அதில்தான் சறுக்கினார். பஃபலோ நகரின் டாக்டர் பியர்ஸ் தயாரித்த மருந்தில் ஆல்கஹாலும் ஓபியமும் இருப்பதாக எழுதினார். பியர்ஸ் வழக்குப் போட்டார். புதிதாகச் சோதித்துப் பார்த்தால், அந்தப் பொருட்கள் எதுவும் அதில் இல்லை! போக் நம்பியிருந்த ஆய்வு சுமார் 25 வருடம் பழையது. ஜூலை இதழில் மறுப்பு வெளியிட்டும் பலனில்லை. 16,000 டாலர் நஷ்ட ஈடு கட்ட வேண்டி வந்தது.

நல்ல நோக்கம் இருந்தால் போதும், தகவல் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு சூடு. நேர்மை என்பது விளம்பரப் பக்கத்தில் மட்டும் இருந்தால் போதாது, கட்டுரைப் பக்கத்திலும் வேண்டும். போக் இந்தப் பாடத்தைச் சரியாகவே கற்றுக்கொண்டார். சட்டம் படித்த மார்க் சல்லிவன் என்ற இளைஞரை வேலைக்கு அமர்த்தி, ஆதாரம் இல்லாமல் ஒரு வரிகூட வேண்டாம் என்ற நிலைக்கு வந்தார்.

சல்லிவன் கொண்டுவந்த ஆதாரங்களில் ஒன்று மிகவும் எளிமையானது. லிடியா பிங்கம் விளம்பரங்களில், பெண்கள் தங்கள் அந்தரங்க வியாதிகளைப் பற்றி திருமதி பிங்கமுக்கே கடிதம் எழுதலாம், அவர் ஆலோசனை சொல்வார் என்று போட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதினார்கள். 1905ல் போக் ஒரு புகைப்படம் வெளியிட்டார். லின் நகரத்துக் கல்லறையில் திருமதி பிங்கமின் நடுகல். அவர் இறந்தது 1883 மே மாதம்! 22 வருடங்களாகக் கடிதங்களுக்குப் பதில் எழுதிக் கொண்டிருந்தவர்கள் ஆபீஸ் குமாஸ்தாக்கள். இதைவிடக் கேவலம், வேறு பல மருந்து கம்பெனிகள் இப்படி வந்த கடிதங்களைக் கட்டுக்கட்டாகத் தரகர்களுக்கு விற்றன. எந்த வியாதிக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் அடுத்த மருந்து கம்பெனிக்குத் தேவை அல்லவா?

ஆனால் சல்லிவன் கண்டுபிடித்ததில் மிகப் பெரிது வேறு. மருந்து கம்பெனிகள் பத்திரிகைகளோடு போடும் விளம்பர ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தது. சிவப்பு மையில் அச்சிட்டிருந்தார்கள். அந்த மாநிலத்தில் பேட்டண்ட் மருந்துகளின் உற்பத்தியையோ விற்பனையையோ கட்டுப்படுத்தும் சட்டம் எதுவும் வந்தால், அந்த நிமிடமே ஒப்பந்தம் ரத்து! இந்த யோசனையைக் கண்டுபிடித்ததாகப் பெருமையடித்துக் கொண்டவர் ஃபிராங்க் செனி. டொலீடோ நகரில் 'ஹால்ஸ் கட்டார் க்யூர்' தயாரித்தவர், மருந்து முதலாளிகள் சங்கத்தின் தலைவர்.

இதன் சாமர்த்தியத்தைக் கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். லஞ்சம் கொடுக்கவில்லை. மிரட்டவில்லை. இப்படி எழுது, அப்படி எழுதாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தால், அதை எதிர்க்க வேண்டிய கவலை இப்போது மருந்து கம்பெனிக்கு இல்லை, பத்திரிகை முதலாளிக்கு! அவரே சட்டமன்ற உறுப்பினரைப் போய்ப் பார்ப்பார். 1905ல் மசாசூசெட்ஸ் சட்டமன்றத்தில், மருந்து பாட்டிலில் உள்ளடக்கத்தைப் போட வேண்டும் என்ற மசோதா விவாதத்துக்கு வந்தது. காரசாரமான விவாதம். மறுநாள் பாஸ்டன் பேப்பர்களில் தேடினால் அந்த விவாதத்தைப் பற்றி மூச்சே இல்லை. 'ஸ்பிரிங்ஃபீல்ட் ரிபப்ளிகன்' ஒன்றுதான் விதிவிலக்கு. யாரும் அந்தச் செய்தியைத் தடை செய்யவில்லை. ஆசிரியர்கள் தாங்களாகவே மறந்து போனார்கள், அவ்வளவுதான்.

விளம்பரப் பணத்தின் உண்மையான ஆபத்து இதுதான் என்று தோன்றுகிறது. பொய்யை எழுத வைப்பது அதன் சின்ன ஆபத்து. உண்மையை எழுதாமல் இருக்க வைப்பதுதான் பெரிது. எழுதிய பொய்யை யாராவது கண்டுபிடித்துவிடலாம், எழுதாத செய்தியை எந்த வாசகன் கண்டுபிடிப்பான்?

சல்லிவனின் கட்டுரை 'லேடீஸ் ஹோம் ஜர்னலுக்கு' ரொம்ப நீளமாக, சட்ட நுணுக்கமாக இருந்ததால் போக் அதை 'காலியர்ஸ்' வாரப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். (நல்ல கட்டுரையைப் போட்டிப் பத்திரிகைக்குத் தூக்கிக் கொடுக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர்?) 1905 நவம்பர் 4ம் தேதி அது வெளியானது. அதற்கு முன்பே, அக்டோபர் 7ல், அதே 'காலியர்ஸில்' சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் தன் புகழ்பெற்ற தொடரை ஆரம்பித்திருந்தார். அமெரிக்கர்கள் வருடத்துக்கு ஏறக்குறைய 7.5 கோடி டாலரை இந்த மருந்துகளில் கொட்டுகிறார்கள் என்பது அவர் கணக்கு. பெரூனா பாட்டில் ஒன்றைத் தயாரிக்க ஆகும் செலவு பாட்டிலையும் சேர்த்து 18 சென்ட்டுக்கு மேல் போகாது, விற்பது 1 டாலருக்கு என்று காட்டினார். கிருமிகளைக் கொல்லும் அற்புத மருந்தான 'லிக்கோசோன்' பெரும்பாலும் தண்ணீர், கூடக் கொஞ்சம் அமிலம் என்று காட்டினார். இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'காலியர்ஸ்' ஒன்றும் பிறவி உத்தமன் இல்லை. முன்பு அதுவும் இதே மாதிரி விளம்பரங்களை வாங்கிப் போட்டதுதான். 1905ல் அவற்றை நிறுத்துவதாக வாசகர்களிடம் அறிவித்தது. தன் பக்கத்தைச் சுத்தம் செய்த பிறகுதான் அடுத்தவரைக் கேள்வி கேட்கும் தைரியம் அதற்கு வந்தது.

1906 ஜூன் 30ம் தேதி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கலப்படத் தடுப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆல்கஹால், ஓபியம், மார்ஃபின், கொக்கெயின் இருந்தால் லேபிளில் போட்டாக வேண்டும். விற்கக்கூடாது என்று சொல்லவில்லை, சொல்லிவிட்டு விற்க வேண்டும் என்றுதான் சொன்னது. பத்திரிகை விளம்பரங்களை அந்தச் சட்டம் தொடவே இல்லை. அதனால் லேபிளில் சொல்ல முடியாத பொய்யை விளம்பரத்தில் சொல்வது இன்னும் பல வருடம் தொடர்ந்தது. எந்தப் பக்கத்தை யாருக்கு விற்பது என்ற முடிவு ஆசிரியரின் மனசாட்சியிடமே இருந்தது. கர்டிஸ் கம்பெனி 1910ல் தன் விளம்பர விதிகளை எழுத்தில் வெளியிட்டது.

இதே காலகட்டத்தில் உலகத்தின் வேறொரு மூலையில் இன்னொருவர் இதே கேள்வியோடு மல்லாடிக் கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவில் 1903 ஜூன் மாதம் 'இந்தியன் ஒப்பீனியன்' ஆரம்பமானது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழிகள். பணத்தைக் கொட்டியவர் வக்கீல் காந்தி. ஒரு கட்டத்தில் மாதம் 75 பவுன் அனுப்ப வேண்டியிருந்தது என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆரம்பத்தில் விளம்பரமும் வாங்கினார்கள், வெளி அச்சு வேலையும் செய்தார்கள். அதில் என்ன நடந்தது? விளம்பரம் கேட்டு அலையவும், பாக்கியை வசூலிக்கவும், விளம்பரதாரரைக் குளிர்விக்கவும் நல்ல ஆட்களின் நேரம் போனது. ஆட்சேபகரமான ஒரு விளம்பரத்தை வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, கொடுப்பவர் சமூகத்தில் பெரிய மனிதராக இருப்பார்! கடைசியில் விளம்பரத்தையே நிறுத்தினார். சந்தாவைக் கூட்டினார். பத்திரிகை தங்களுடையது, தேவை என்று வாசகர்கள் நினைத்தால் காப்பாற்றட்டும் என்பது அவர் நிலை. அவர் பொறுப்பேற்றபோது சந்தாதாரர்கள் 1,200 முதல் 1,500 வரை. உச்சத்தில் 3,500 வரை போனது. பத்திரிகை 1961 வரை வந்தது.

தமிழர்களுக்கு இதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. 1906ல் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் நிறுத்தப்பட்டன. அவை பெயருக்குத்தான் இருந்தன, நோக்கத்தை நிறைவேற்றவில்லை, தொடர்ந்து நடத்தினால் அதுவே ஒருவகை ஏமாற்று வேலை என்று காந்தி கருதினார். நான்கு மொழிப் பத்திரிகை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு சந்தா வாங்கியிருக்கலாம். செய்யவில்லை. நமக்கு நஷ்டம்தான், இருந்தாலும் தப்பு சொல்ல முடியவில்லை.

இனி அமெரிக்காவுக்கே திரும்பலாம். எல்லா நல்ல முயற்சியும் நல்லதாகவே இருந்துவிடவில்லை. 'குட் ஹவுஸ்கீப்பிங்' பத்திரிகை 1900ல் ஒரு சோதனைக் கூடம் தொடங்கி, 1909ல் பொருட்களுக்கு அங்கீகார முத்திரை கொடுக்க ஆரம்பித்தது. வாசகர்கள் அந்த முத்திரையை நம்பினார்கள். ஆனால் முத்திரை வாங்கும் கம்பெனிகளே விளம்பரமும் கொடுத்தார்கள். 1939ல் அரசின் வர்த்தக ஆணையம் புகார் கொடுத்து, 1941ல் அந்த முத்திரைகளைப் பயன்படுத்திய விதத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது.

இதற்கு நேர் எதிராக 1936ல் 'கன்ஸ்யூமர்ஸ் யூனியன்' உருவானது. கடையில் போய்ச் சாதாரண ஆள் மாதிரி காசு கொடுத்துப் பொருளை வாங்கு, சோதித்துப் பார், முடிவை எழுது. எந்தக் கம்பெனியிடமும் இலவசமாக வாங்காதே, விளம்பரம் போடாதே. இவ்வளவுதான் அவர்கள் விதி. முதல் இதழை வாங்கியவர்கள் சில ஆயிரம் பேர். தங்களைப் பற்றி விளம்பரம் கொடுக்கலாம் என்று போனால், பல பத்திரிகைகள் காசு வாங்கவே மறுத்துவிட்டன! மருந்துக்காரனின் பணத்தை வாங்கிய பத்திரிகைத் தொழிலுக்கு, பொருட்களைச் சோதிப்பவர்களின் பணம் கசந்தது. கம்யூனிஸ்ட் என்ற முத்திரையும் குத்தப்பட்டது, அது 1954ல்தான் நீங்கியது. ஆனால் சந்தா மட்டும் ஏறிக்கொண்டே போனது. பின்னாளில் அது பல லட்சங்களைத் தாண்டியது.

'ரீடர்ஸ் டைஜஸ்ட்' பலருக்கும் தெரிந்த பத்திரிகை. 1922ல் ஆரம்பித்து 33 வருடங்கள் அமெரிக்கப் பதிப்பில் விளம்பரமே போடாமல் ஓட்டினார்கள். சிகரெட் விளம்பரத்தில் மற்ற பத்திரிகைகள் கொழித்துக் கொண்டிருந்த 1952 டிசம்பரில், புகைப்பதற்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். நாடே பேசியது. அந்தக் கட்டுரையை வெளியிட அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை, யாருடைய பணத்தையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு காகித விலையும் மற்ற செலவும் ஏறவே, விலையைக் கூட்டலாமா, விளம்பரம் போடலாமா என்று வாசகர்களையே கேட்டார்கள். பெரும்பாலோர் விளம்பரம் பரவாயில்லை என்றார்கள். 1955ல் முதல் விளம்பரங்கள் வந்தன. சிகரெட்டுக்கு அப்போதும் இடம் கொடுக்கவில்லை.